பெர்சன்: இலக்கணத்தில் ஓர் இடம், சட்டத்தில் ஓர் ஆள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு கடை வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்தது. வாடகைக்கு எடுப்பவர் கடையை வேறு எந்தப் 'பெர்சனுக்கும்' உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஆங்கில மூலத்தில் ஒரு வரி. 'வேறு எந்த மனிதருக்கும்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். வரைவைப் படித்துக்கொண்டே வந்த மூத்த வழக்கறிஞர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"தம்பி, நாளைக்கு இவர் ஒரு கம்பெனிக்கு உள்வாடகைக்கு விட்டா என்ன செய்வீங்க?"

"அதான் விடக்கூடாதுன்னு இருக்கே சார்."

"நீங்க எழுதினபடி தாராளமா விடலாமே. கம்பெனி மனுஷன் இல்ல. ஆனா பெர்சன்."

'மனிதருக்கும்' என்பதை அடித்துவிட்டு 'எவருக்கும்' என்று மேலே எழுதினார். பள்ளிக்கூடத்தில் 'தேர்டு பெர்சன் சிங்குலர்' என்று மனப்பாடம் செய்த நாளிலிருந்து அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இலக்கணத்தில் அதற்கு ஒரு பொருள், சட்டத்தில் வேறொரு பொருள், இரண்டிலும் 'மனிதர்' என்பது நேர்ப்பொருள் அல்ல என்பது அன்றுதான் உறைத்தது. சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருப்பவர்களும், ஆங்கிலப் பத்திரங்களைத் தமிழில் புரிந்துகொள்ள முயல்பவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'பெர்சோனா' என்றால் நாடக நடிகர் முகத்தில் அணிகிற முகமூடி. பிறகு அந்த முகமூடி குறிக்கும் பாத்திரத்துக்கும் அதுவே பெயரானது. கிரேக்க மொழியில் இதற்கு இணையான சொல் 'புரோசோப்பான்'. முகம் என்றும் முகமூடி என்றும் அதற்குப் பொருள். கிரேக்க இலக்கணத்தைத் தொகுத்த டயோனிசியஸ் திராக்ஸ், வினைச்சொற்களுக்கு மூன்று 'முகங்கள்' உண்டு என்றார்: பேச்சு யாரிடமிருந்து வருகிறதோ அவர், யாரை நோக்கிப் போகிறதோ அவர், யாரைப் பற்றியதோ அவர். ரோமானியர்கள் அதைப் 'பெர்சோனா' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு அது 'பெர்சன்' ஆகி வந்து சேர்ந்தது.

நாடக மேடையிலிருந்து இந்தச் சொல்லை எடுத்தது எவ்வளவு பொருத்தம் என்பதை ஓர் உரையாடலைக் கவனித்தால் உணரலாம். நான் பேசும்போது 'நான்' என்பது என் முகமூடி, 'நீ' என்பது உங்களுடையது. நீங்கள் வாய் திறந்த அடுத்த நொடியில் முகமூடி கைமாறிவிடுகிறது. இப்போது 'நான்' நீங்கள். உள்ளே இருக்கிற ஆட்கள் மாறவில்லை, பேச்சில் ஏற்றிருக்கும் வேடம்தான் மாறியது. ஆக, இலக்கணத்தில் 'பெர்சன்' என்பது யாருடைய உடம்பையும் குறிப்பதல்ல. பேச்சில் யார் எந்த வேடத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டும் அடையாளம் அது.

தமிழ் இலக்கணிகள் இதே கருத்தை முகமூடி எதுவும் இல்லாமலே சொன்னார்கள். அவர்கள் வைத்த பெயர் 'இடம்'. தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம். பேசுகிறவர் தானே நிற்பது தன்மை. எதிரே முன் நிற்பது முன்னிலை. இருவரையும் விட்டு விலகிப் படர்ந்து நிற்பது படர்க்கை. வந்தேன், வந்தாய், வந்தான் என்று வினையின் விகுதியே இடத்தைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளில், நிகழ்காலத்தில் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஓர் 'எஸ்' மட்டும்தான் இந்த வேலையின் மிச்சம். இந்த மூவிடத்துக்கு 'ஆள்' என்றோ 'மனிதர்' என்றோ நம் இலக்கணிகள் பெயர் வைக்கவில்லை என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 'மரம் விழுந்தது' என்பதும் படர்க்கைதான். மரத்தை 'மூன்றாம் நபர்' என்று அழைக்கவேண்டிய சங்கடம் நமக்கு நேரவே இல்லை. ஆங்கில மாணவர்கள் அதைத் தினமும் செய்கிறார்கள்.

எனவே இலக்கணப் புத்தகத்தில் 'பெர்சன்' என்று வந்தால் தமிழில் 'இடம்' என்று எழுதுங்கள். 'தன்மை இடம்', 'தன்மை ஒருமை' என்பவை வழக்கில் இருப்பவைதான். 'முதல் நபர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கதையில் யாரோ முதலில் வந்த ஆள் என்றுதான் அது படிப்பவர் காதில் விழும்.

சட்டத்துக்கு வருவோம். சட்டத்தில் 'பெர்சன்' என்றால் உரிமையும் கடமையும் ஏற்கத் தகுதி உள்ளது எதுவோ அது. சொத்து வைத்திருக்கலாம், கடன் படலாம், வழக்குத் தொடுக்கலாம், அதன்மேல் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு இரத்தமும் சதையும் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 1897ஆம் ஆண்டின் பொது உறுப்புகள் சட்டம், இந்திய மையச் சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொது அகராதிபோல விளங்குவது. அதன் 3(42)ஆம் பிரிவு, எந்த நிறுவனமும், சங்கமும், தனிமனிதர்கள் சேர்ந்த குழுவும் 'பெர்சன்' என்பதில் அடங்கும் என்கிறது. அந்தக் குழு சட்டப்படி பதிவாகி உருப்பெற்றதாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

'அடங்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'பெர்சன் என்றால் இதுதான்' என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 'இதுவும் அதில் அடங்கும்' என்கிறது. மனிதர் அடங்குவார் என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். மனிதரல்லாதவற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி என்பது அதை நடத்துகிறவரிடமிருந்து வேறான பெர்சன் என்பதை அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் ஒரு தோல் செருப்பு வியாபாரியின் வழக்கில் உறுதியாக்கியது. அவர் பெயர் சாலமன். தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றி, 20,007 பங்குகளில் 20,001ஐத் தானே வைத்துக்கொண்டார். மனைவிக்கும் மகளுக்கும் நான்கு மகன்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. கம்பெனி நொடித்ததும், கம்பெனியும் அவரும் ஒன்றுதான், கடனை அவரே கட்டட்டும் என்று கடன் கொடுத்தவர்கள் தரப்பில் வாதிட்டார்கள். சபை ஏற்கவில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் அவருடையதாக இருந்தாலும் கம்பெனி வேறு, அவர் வேறு. நம்மூர் கம்பெனிச் சட்டமும் இன்றுவரை இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பான் அட்டையை எடுத்து, எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். அங்கே 'பி' இருந்தால் நீங்கள் தனிமனிதர். கம்பெனியின் அட்டையில் அதே இடத்தில் 'சி' இருக்கும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு 'எஃப்', இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு 'எச்', அறக்கட்டளைக்கு 'டி', உள்ளாட்சி அமைப்புக்கு 'எல்', வேறு வகையில் அடங்காத செயற்கைச் சட்ட ஆளுக்கு 'ஜே'. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 'பெர்சன்' என்பதற்குள் ஏழு வகைகளை வைத்தது. மனிதர் அவற்றில் ஒன்றே ஒன்று. ஒரே மனிதர் தன் பெயரில் ஓர் அட்டையும், கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா, அதாவது தலைவர், என்ற முறையில் இன்னோர் அட்டையும் வைத்திருக்கலாம். உடம்பு ஒன்று. வரித்துறைக்கு இரண்டு பெர்சன். ரோமானிய முகமூடி இங்கேயும் வந்துவிட்டது.

தமிழில் இந்தச் சட்டப் பெர்சனை எப்படிச் சொல்வது? பலரும் 'நபர்' என்கிறார்கள், பத்திரிகை நடையில் அது ஊறிவிட்டது. எனக்கு 'ஆள்' பிடிக்கும். அதில் உயர்வும் இல்லை, உடம்பைப் பற்றிய வலியுறுத்தலும் இல்லை. இலங்கையில் தேசிய அடையாள அட்டையைக் கொடுப்பது ஆட்பதிவுத் திணைக்களம். ஆங்கிலப் பெயரில் 'பெர்சன்' இருக்கும் இடத்தில் தமிழில் 'ஆள்' உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு உண்டு. லத்தீன் மூலத்தில் அது 'உடலைக் கொண்டுவா' என்பது. நாம் உடலை விட்டுவிட்டு ஆளைக் கொண்டுவரச் சொல்கிறோம், அது மேலான மொழிபெயர்ப்பு. ஆள்மாறாட்டம் இன்னும் அழகு. அந்தக் குற்றத்துக்கான ஆங்கிலச் சொல்லுக்குள் 'பெர்சன்' ஒளிந்திருக்கிறது: இன்னொருவரின் முகமூடியை மாட்டிக்கொள்வது. தமிழில் ஆள் மாறுவது.

ஆனால் பல இடங்களில் தமிழுக்குத் தனிச்சொல்லே வேண்டாம். ஆங்கிலச் சட்டம் 'நோ பெர்சன்' என்று தொடங்கும் வரிக்கு 'எவரும் ... கூடாது' என்றால் போதும். அந்த மூத்தவர் என் வரைவில் செய்ததும் அதுதான். 'எந்த ஒரு நபரும்' என்று இழுக்கவேண்டியதில்லை. இந்து சமய அறநிலையத் துறையில், அறங்காவலர் இல்லாத கோயிலை நிர்வகிக்க நியமிக்கப்படுபவருக்கு ஆங்கிலத்தில் 'ஃபிட் பெர்சன்' என்று பெயர். தமிழில் 'தக்கார்'. பெர்சன் எங்கே போனார்? அந்த 'ஆர்' விகுதிக்குள் இருக்கிறார். தமிழில் ஆள் பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் வாழ்கிறார். இதைப் புரிந்துகொண்டால் சட்ட மொழிபெயர்ப்பில் பாதி நடைக்கோளாறு தீர்ந்துவிடும்.

இலக்கண இடமும் சட்ட ஆளும் ஒரே தாளில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமா? வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் பிரித்துப் படியுங்கள். 'இன்னார் மகன் இன்னாருக்கு, இன்னார் மகன் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்' என்று தொடங்கும். அடுத்த வரிகளிலேயே 'எனக்குப் பாத்தியப்பட்ட', 'தங்களுக்குக் கிரயம் செய்து', 'தங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று போகும். விற்பவர் தன்மையில் நின்று, வாங்குபவரை முன்னிலையில் வைத்து, நிலத்தைப் படர்க்கையில் விவரிக்கிறார். நான்கு எல்லையும் சொல்லி முடித்ததும் கையெழுத்து. அது ஒரு கடிதம். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வாயால் சொல்வதை அப்படியே தாளில் இறக்கியது. ஆங்கிலப் பத்திரமோ விற்பவரையும் வாங்குபவரையும் இருவருமே படர்க்கையாக்கிவிடும். மூன்றாவதாக ஒருவர் தூரத்தில் நின்று எழுதியதுபோல இருக்கும். ஆங்கிலத்திலிருந்து வரும் பத்திரங்களைத் தமிழாக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். ஒரே பத்திரத்தில் பாதி வழியில் 'எழுதிக்கொடுப்பவர்' என்று தொடங்கியவரை 'நான்' ஆக்கிவிட்டால், யார் பொறுப்பேற்கிறார் என்பதில் குழப்பம் வரும்.

பதவியேற்பு விழாவில் இதே சந்திப்பு ஒரே மூச்சில் நடக்கும். பெயரைச் சொல்லி, 'எனும் நான்' என்பார்கள். பெயர் என்பது படர்க்கை. 'நான்' தன்மை. 'எனும்' என்ற ஒரே சொல் இரண்டையும் பூட்டுகிறது: அரசிதழில் படர்க்கையாக இருந்த பெயரும், இங்கே மேடையில் நின்று பேசுகிற நானும் ஒன்று. சட்டத்துக்கு வேண்டியது அந்தப் பூட்டுத்தான்.

அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையையும் விட்டுவிட முடியாது. ஆங்கிலத்தில் அது 'வி' என்று தொடங்குகிறது. அந்த 'வி' யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று ஆங்கிலம் சொல்லாது. தமிழில் இரண்டு சொற்கள் இருப்பதால் தேர்ந்தே ஆகவேண்டும்: கேட்பவரைச் சேர்க்காத 'நாங்கள்', கேட்பவரையும் சேர்த்த 'நாம்'. 'இந்திய மக்களாகிய நாம்' என்று எழுதியபோது, படிக்கிற உங்களையும் அந்தத் தன்மைப் பன்மைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பள்ளிப் பாடநூலின் முதல் பக்கத்தில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தமிழின்மேல் ஒரு நன்றி வரும்.

'மூன்றாம் நபர்' என்பது மட்டும் இரண்டு உலகத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டிக் காப்பீட்டில் 'தேர்டு பார்ட்டி' என்கிறோமே, அங்கே வண்டிக்காரரும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தம் பேசிக்கொண்ட இருவர். அந்தப் பேச்சில் இல்லாமல் சாலையில் அடிபட்டவர் மூன்றாமவர். பேச்சுக்கு வெளியே நிற்பவர் படர்க்கை, ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர் மூன்றாம் தரப்பு. எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் தமிழில் எழுதும்போது ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்காதீர்கள்.

'பெர்சன்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவார் என்ற கேள்வி வெறும் மொழிபெயர்ப்புக் கேள்வி அல்ல. அதற்காகப் பெண்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம், தகுதியுள்ள 'பெர்சன்' வழக்காடலாம் என்றது. சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா விண்ணப்பித்தார். 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மறுத்தது. ஆண்பாற் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்று பொது உறுப்புகள் சட்டமே சொல்கிறதே என்று வாதிட்டுப் பார்த்தார்கள். இந்தச் சட்டத்தின் சூழலுக்கு அது பொருந்தாது என்றது அமர்வு. 1921இல் சுதான்சு பாலா ஹஸ்ராவைப் பாட்னா உயர் நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு கார்னீலியா சொராப்ஜியை அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏற்றது. ஒரே சட்டம், ஒரே சொல், இரண்டு ஊர்களில் இரண்டு விடை. 1923இல் பெண்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகே இந்தத் தடை விலகியது.

கனடாவிலும் இதே கதை. மேலவைக்குத் 'தகுதியுள்ள பெர்சன்களை' நியமிக்கலாம் என்றது 1867ஆம் ஆண்டின் சட்டம். பெண்கள் அதில் அடங்குவார்களா என்று ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஐந்து பெண்கள் கேட்டார்கள். 1928இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1929 அக்டோபர் 18 அன்று இலண்டனில், பிரிட்டிஷ் பேரரசின் உச்ச முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. பெண்களை ஏன் சேர்க்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஏன் சேர்க்கக்கூடாது என்பதே பதில் என்றார் தீர்ப்பை வழங்கிய சாங்கி பிரபு.

இந்த வழக்குகளைப் படிக்கும்போது எனக்கு நம் 'அவர்' நினைவுக்கு வரும். ஆங்கிலச் சட்டத்தில் 'பெர்சன்' என்று எழுதிய கையோடு அடுத்த வரியில் 'ஹி' என்று எழுதவேண்டியிருந்தது; 'ஹி'க்கும் 'ஷி'க்கும் உள்ள அந்த ஓரெழுத்து வேறுபாட்டில் ஒரு பாதி மனித குலத்தை நிறுத்திவைக்க முடிந்தது. 'அவர்' ஆணா பெண்ணா என்று காட்டாது. தமிழில் சட்டம் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை விட்டு 'அவன்' பக்கம் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, தேர்வுக்கும் உதவும். சமத்துவத்தையும் உயிர் வாழும் உரிமையையும் பற்றிய அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகள் 'பெர்சன்' என்கின்றன. பேச்சுரிமை போன்றவற்றைத் தரும் 19ஆம் உறுப்பு 'சிட்டிசன்' என்கிறது. குடிமகன் அல்லாதவரும் பெர்சன்தான். ஆகவே அகதிக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கம்பெனி பெர்சன், ஆனால் குடிமகன் அல்ல என்பது 1963இல் தீர்ப்பான விஷயம். இந்த இரண்டு சொற்களையும் தமிழில் 'மக்கள்' என்று ஒரே சொல்லால் கடந்துபோனால் ஓர் அகதியின் உரிமை காணாமல் போய்விடும்.

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுத உண்மையான காரணத்துக்கு வருகிறேன். எது ஆள், எது ஆள் அல்ல என்ற கேள்வி ஐரோப்பியச் சட்டத்தோடு நமக்கு வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே அந்தக் கேள்விதான்:

உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே
அஃறிணை என்மனார் அவரல பிறவே

மக்கள் என்று சுட்டப்படுபவை உயர்திணை, மற்றவை அஃறிணை. சொல்லுக்கு இலக்கணம் சொல்லத் தொடங்குமுன் இதைத் தீர்த்தாகவேண்டும், ஏனென்றால் தமிழில் வினை முடிபே இதைப் பொறுத்தது. ஆனால் தொல்காப்பியர் அங்கேயே நின்றுவிடவில்லை. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு ஏற்கும் சொற்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். குடிமை, ஆண்மை, இளமை, மூப்பு என்று தொடங்கும் அந்த நூற்பாவில் வரும் ஐந்து சொற்களை மட்டும் எடுக்கிறேன்: அடிமை, குழு, அரசு, மகவு, குழவி.

சட்டக் கல்லூரியில் 'பெர்சன்' பற்றிய பாடத்தைப் படித்தவர்கள் இந்த ஐந்தையும் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். அடிமை ஆளா, உடைமையா? குழு தன் உறுப்பினர்களிடமிருந்து வேறானதா? அரசின்மேல் வழக்குத் தொடுக்கலாமா? குழந்தைக்கு யார் பேசுவது? சட்டத்தின் ஆட்கள் பாடம் முழுவதும் இந்தக் கேள்விகள்தாம். தொல்காப்பியர் சட்டம் எழுதவில்லை, மொழி எப்படி நடக்கிறது என்றுதான் எழுதினார். ஆனால் மொழி தயங்கிய அதே இடங்களில் சட்டமும் தயங்கியிருக்கிறது. இன்றும் 'அரசு அறிவித்தது', 'குழு கூடியது', 'குழந்தை அழுதது' என்றுதான் சொல்கிறோம். உள்ளே மனிதர், முடிபு அஃறிணை.

அதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நூற்பா உண்டு. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களும், தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களும் தமக்கெனத் தனி ஈறு இல்லாதவை. ஆனாலும் அவை உயர்திணை முடிபே ஏற்கும் என்கிறார். இரண்டையும் ஒரே நூற்பாவில் வைத்தார். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 14ஆம் உறுப்பின் 'பெர்சன்' ஆண், பெண் என்ற இரண்டோடு நின்றுவிடுவதல்ல, திருநங்கையரும் திருநம்பியரும் அதில் அடங்குவர் என்று தீர்ப்பளித்தது. இலக்கணம் அவர்களை உயர்திணையில் வைத்து நெடுங்காலம் ஆகியிருந்தது. சமூகம்தான் வைக்கவில்லை.

தெய்வத்தின் கதை இன்னும் நீளம். 1925இல் பிரிவி கவுன்சில், இந்துத் தெய்வ விக்கிரகம் சட்ட ஆள் என்பது நீண்ட காலமாக ஏற்கப்பட்டது என்று கல்கத்தாவிலிருந்து போன ஒரு வழக்கில் கூறியது. சொத்து அதன் பெயரில் இருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், ஆனால் வாய் பேசாததால், வயது வராத பிள்ளைக்குப் பாதுகாவலர்போல அதற்காக ஒருவர் நிற்கவேண்டும். 2000இல் உச்ச நீதிமன்றம் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபையும் சட்ட ஆளாக ஏற்றது. பிறகு ஆறுகள் வந்தன. 2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனூயி ஆற்றுக்குச் சட்ட ஆளுமை தந்தது. அதே மாதம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் அப்படி அறிவித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கையையே உரிமைகள் உள்ள உயிராக அறிவித்தது. இவற்றில் எது நிலைக்கும் என்பது வேறு விஷயம். 'பெர்சன்' என்பதை 'மனிதர்' என்று படிப்பவருக்கு இந்தத் தீர்ப்புகள் எல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உரிமை தாங்கும் வேடம் என்று படிப்பவருக்கு, எதற்கு அந்த வேடத்தைக் கொடுக்கலாம், யார் அதற்காகப் பேசுவது என்ற நியாயமான கேள்வியாகத் தெரியும்.

இதையெல்லாம் ஒரே வழக்கில் பார்க்கவேண்டும் என்றால் பத்தூர் நடராஜர் வழக்கைப் படியுங்கள். 1976இல் தஞ்சை மண்ணில் பத்தூர்ச் சிவன் கோயிலருகே தோண்டும்போது வெளிப்பட்ட வெண்கல நடராஜர், கைமாறிக் கைமாறி இலண்டன் போனார். 1982இல் பம்பர் என்ற கனடா நிறுவனம் வாங்கியது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்தபோது இலண்டன் காவல்துறை கைப்பற்றியது. திருப்பிக் கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. எதிர்த்து உரிமை கோரியவர்களில் இந்திய அரசு இருந்தது, தமிழ்நாடு அரசு இருந்தது, கோயிலின் தக்கார் இருந்தார், கோயில் இருந்தது, இடிந்த அந்தக் கோயிலில் எஞ்சிநின்ற கல் சிவலிங்கமும் இருந்தது.

சிலைக்கு உரிமை கோரிய கட்சிக்காரர் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒரு கம்பெனி, இரண்டு அரசுகள், ஒரு தக்கார், ஒரு கோயில், ஒரு லிங்கம். உடம்புள்ள மனிதர் தக்கார் ஒருவர்தான். அவரும் 'ஃபிட் பெர்சன்' என்ற வேடத்தில்தான் நின்றார். கம்பெனி எப்படி வழக்காடலாம் என்று அங்கே யாருக்கும் ஐயம் எழவில்லை, சாலமன் காலத்திலேயே அது தீர்ந்துவிட்டது. கோயில் எப்படி வழக்காடலாம் என்பதுதான் கேள்வி. இங்கிலாந்துச் சட்டத்தில் கோயில் ஆள் அல்ல, கற்குவியல். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடை சொன்னது: இந்தியச் சட்டத்தில் அது ஆள் என்றால், அந்நாட்டுச் சட்டத்தை மதித்து இங்கேயும் அதை வழக்காட விடலாம்.

ஒரு பயிற்சியாக, அந்தத் தீர்ப்பின் முடிவை நீங்களே தமிழில் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். வினை முடிபு யாருக்கு 'அது', யாருக்கு 'ஆர்' என்று உங்கள் கையே முடிவு செய்துவிடும். நான் எழுதியது இப்படி வந்தது: நிறுவனம் தோற்றது, நடராஜர் நாடு திரும்பினார்.